வாயைத் திறக்கக் கூச்சம்

தேக்கா சந்தையின் மேல்மாடியில் தையல் கடை வைத்திருக்கிறேன். இருபத்தைந்து வருடமாக நூலைப் பல்லால் கடித்துத்தான் அறுக்கிறேன். கத்தரிக்கோல் கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடக்கும். பல் அதைவிடப் பக்கம். கடித்துக் கடித்து மேல்வரிசை முன்பல் ஒன்று தேய்ந்து, ஒருநாள் அதன் ஓரம் சில்லாகத் தெறித்தது. பக்கத்து ஜாலான் புசார் தெருவில் ஒரு பல் மருத்துவரிடம் போய் அடைத்துக்கொண்டு வந்தேன். கண்ணாடியில் பார்த்தால் எது பல், எது பூச்சு என்று எனக்கே தெரியவில்லை. ஒட்டு தெரியாமல் ஒட்டுப் போடுவது லேசான வேலை இல்லை என்று ஒரு தையல்காரியாகச் சொல்கிறேன்.

மறுநாள் காலை வீட்டுப் பக்கத்து ஈசூன் நிலையத்தில் ரயில் கதவு திறந்ததும் ஏர்கான் காற்று வாய்க்குள் போனது. சுரீர் என்று மூக்கு வரைக்கும் ஏறியது. தேக்காவில் இறங்கிச் சூடாகத் தே, அதாவது பால் டீ, குடித்தேன், அதற்கும் அப்படித்தான். அன்றிலிருந்து உதட்டைத் தைத்துக்கொண்டவள் மாதிரி நடமாடினேன்.

வலியைவிடப் பயம்தான் பெரிது. அடைத்த பல்லுக்குப் பக்கத்தில் இருப்பது கட்டுப்பல். அந்த இடத்தில் இருந்த சொந்தப் பல்லையும் முதலில் அடைத்தார்கள், பிறகு கூசியது, பிறகு வலித்தது, கடைசியில் பிடுங்கினார்கள். கட்டுப்பல் வைக்கும்வரை கையால் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரித்தேன். இதுவும் அதே வழியில் போய்விடுமோ என்று நாக்கால் அந்தப் பல்லைத் தடவிக்கொண்டே இருந்தேன்.

கிளினிக்குக்குப் போன் போட்டேன். எடுத்தது நம் தமிழ்ப் பெண், இங்கேயே பிறந்து வளர்ந்தவள். நிம்மதியாகத் தமிழில் சொன்னேன்.

"பல்லடைச்சதுலேருந்து ரொம்பக் கூசுதும்மா. வாயத் தொறக்கவே கூச்சமா இருக்கு."

"ஐயோ, அதெல்லாம் ஒண்ணும் இல்ல ஆண்ட்டி. டாக்டர் ரொம்ப ஃப்ரெண்ட்லி லா. நீங்க கூச்சப்படாதீங்க. டூ வீக்ஸ்ல செக்கப் இருக்குல்ல, வாங்க."

போனை வைத்துவிட்டு யோசித்தேன். கூச்சப்படாதே என்றால் எப்படி? பல்லுக்கு யார் போய்ப் புத்தி சொல்வது? எனக்குக் கோபம் வந்தால் அடுத்தவரிடம் கேட்கமாட்டேன், மனதுக்குள்ளேயே திட்டுவேன். இரண்டு வாரமும் திட்டிக்கொண்டே வெந்நீரும் இல்லாமல் ஜில்லென்றும் இல்லாமல் குடித்தேன்.

செக்கப்புக்குப் போன நாளில் என்னைத் தனி அறையில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினார்கள். மருத்துவர் சீனர், என் மகன் வயது இருக்கும். நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டு, குழந்தையிடம் பேசுவதுபோல், "ஆண்ட்டி, டோன்ட் பி ஷை. ஸ்லோலி, ஸ்லோலி" என்றார்.

ஷையா? நானா? வாடிக்கையாளர்களைக் கேட்டுப் பாருங்கள். போனில் பேசிய அந்தப் பெண் பக்கத்தில்தான் நின்றாள். அவளைத் திரும்பிப் பார்த்தேன்.

"நீங்கதானே ஆண்ட்டி கூச்சமா இருக்குன்னு சொன்னீங்க? நான் ஃபைல்ல எழுதிட்டேன்."

"பல்லுக்குத்தாம்மா கூச்சம், எனக்கில்ல. தண்ணி பட்டா, காத்து பட்டா சுரீர்னு இழுக்குது."

அவள் வாயில் கை வைத்துக்கொண்டாள். "ஸாரி ஆண்ட்டி. ஸ்கூல்ல கூச்ச சுபாவம் மட்டும்தான் படிச்சேன்." அவள் விளக்கியதும் மருத்துவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எனக்கும்தான், ஆனால் வாயைத் திறந்தால் கூசுமே.

பிறகு காரியம் மளமளவென்று நடந்தது. குளிரூட்டிய சின்னப் பஞ்சை அந்தப் பல்லில் வைத்தார். துள்ளிவிட்டேன். போச்சு, இதுவும் போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டேன். பஞ்சை எடுத்ததும் வலி நின்றுவிட்டது. நின்றதா, இன்னும் இருக்கிறதா என்று இரண்டு மூன்று முறை கேட்டார். நின்றுவிட்டது என்றேன். அவர் சொன்னதை அவள் இந்தத் தடவை ஒவ்வொரு வார்த்தையாக யோசித்துத் தமிழாக்கினாள். "வலிச்சுட்டு உடனே நின்னா நரம்பு நல்லா இருக்குன்னு அர்த்தம் ஆண்ட்டி. பிடுங்க வேணாம். உங்க பல்லு உங்களுக்குத்தான்."

அடைப்புதான் ஒரு துளி உயரமாக இருந்திருக்கிறது. கீழ்ப்பல் அதில் முட்டி முட்டிப் பல்லைச் சீண்டிக்கொண்டே இருந்ததாம். நீலத்தாளைக் கடிக்கச் சொல்லி, மை ஒட்டிய இடத்தை இழைத்துவிட்டார். கூச்சத்துக்கென்றே விற்கும் பற்பசையை மெல்லிய பிரஷ்ஷால் தேய்க்கச் சொன்னார். தேய்த்தபின் துப்பலாம், கொப்பளிக்கக் கூடாது என்பதுதான் எனக்குப் பெரிய சோதனை. வாய் நிறையத் தண்ணீர் வைத்து நாலு தரம் கொப்பளிக்காவிட்டால் பல் தேய்த்ததாகவே நமக்குத் தோன்றாது. இருந்தாலும் அவர் பேச்சைக் கேட்டேன். புளிப்பையும் ஐஸையும் கொஞ்ச நாள் தள்ளிவைத்தேன். நாளுக்கு நாள் இழுப்பு குறைந்தது.

மூன்றாவது வாரம் ஒரு மதியம் கீழே சாப்பாட்டுக் கடைகளுக்குப் போய், துணிந்து ஐஸ் போட்ட பாண்டோங் வாங்கினேன். ரோஸ் நிறப் பாலில் ஐஸ்கட்டி மிதந்தது. முன்பல்லில் படும்படி வேண்டுமென்றே ஒரு வாய் உறிஞ்சிவிட்டுக் காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. இன்னொரு வாய். அப்போதும் வரவில்லை. பிடுங்கவேண்டாம் என்று அவர் சொன்னதை அதுவரை நான் முழுசாக நம்பவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

எதிரே பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் டிஷ்யூ பாக்கெட்டை என் பக்கம் தள்ளினார்.

"காரமா அக்கா?"

"ஆமா தம்பி," என்றேன், பாண்டோங்கைப் பார்த்து. "ரொம்பக் காரம்."