முப்பத்தாறு தபாலட்டைகள்

1972ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் பன்னிரண்டாந் திகதி, சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். மழை இல்லை. சோளகக் காற்று ஓயும் காலந்தான், ஆனாலும் முற்றத்து மணலை அள்ளி யன்னல் வழியே சாப்பாட்டு மேசையில் கொட்டும் அளவுக்குக் காற்று இருந்தது.

இவ்வளவு திட்டமாக எழுத வேண்டி வந்ததற்குக் காரணம், போன மாதம் சாவகச்சேரியில் ஒரு மண்டபத்தில் பதினொரு பேர் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு இந்த நாளைப் பற்றிப் பிழை பிழையாகப் பேசியதுதான். பதினொருவரில் ஒருவர்கூட ஆண்டைச் சரியாகச் சொல்லவில்லை. மூவர் மாமாவின் வயதையே பிழையாகச் சொன்னார்கள்.

அது என் சின்ன மாமாவுக்கு, அதாவது அம்மாவின் தம்பிக்கு, அவருடைய ரசிகர்கள் எடுத்த பாராட்டு விழா. மாமா ட்றம்ஸ் அடித்துக்கொண்டே பாடுகிறவர். எழுபத்தாறு வயது. பத்தொன்பது பொன்னாடை போர்த்தினார்கள். மின்விசிறி இரண்டு, அதில் ஒன்று சுற்றவில்லை. மேடையில் ஒரு ட்றம்ஸ் செற்றுக்குப் பூச்சுற்றி வைத்திருந்தார்கள், அடிப்பதற்குத் தடி வைக்கவில்லை. ஒரு மனிதனை அவன் வாத்தியத்துக்குப் பக்கத்தில் மூன்று மணி நேரம் இருத்தி, அதைத் தொடவிடாமல் புகழ்வதற்குப் பெயர் பாராட்டு என்றால், எனக்கு அந்தச் சொல்லின் பொருள் தெரியாது.

எட்டாவதாகப் பேசியவர் கனடாவிலிருந்து வந்தவர். மாமாவின் முதலாவது பாட்டை வானொலியில் கேட்டு முப்பத்தாறு பேர் எங்கள் ஊர் உடுப்பிட்டியிலிருந்து தபாலட்டை போட்டார்களாம். அவரும் அதில் ஒருவராம். தன் சொந்தக் காசில் அட்டை வாங்கினாராம். மண்டபம் கைதட்டியது. அந்த முப்பத்தாறையும் எழுதியவன் நான். அவர் பதினாலாம் நம்பர்.

அப்போது எனக்குப் பதினொரு வயது. அப்பா மிசன் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பு வாத்தியார். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் வேதம் வாசிப்பவர். மாமா ஆசிரிய கலாசாலையை இடையில் விட்டுவிட்டுக் கொழும்புக்குப் போய் ஒரு பொப் இசைக்குழுவில் சேர்ந்த நாளிலிருந்து, அப்பா அவரோடு கதைப்பதை நிறுத்தியிருந்தார். அவரைப் பற்றி அம்மாவோடு மட்டும் கதைப்பார்.

"உந்தத் தகரம் தட்டுறதுக்கு ஆர் காசு குடுக்கப்போகினம்? உவருக்கு விசர்."

எனக்கோ அந்தத் தகரம் பெரிய அதிசயம். போவதற்கு முன் மாமா எங்கள் சாப்பாட்டு மேசையில் இரண்டு அகப்பைக் காம்புகளால் அடித்துக்கொண்டு பாடுவார். நான் எண்ணுவேன். கைகள் நான்கு நான்காகப் போகும், கால் நிலத்தில் மூன்று மூன்றாகத் தட்டும், வாய் இரண்டிலும் சேராமல் தன்பாட்டில் போய்க் கடைசியில் இரண்டையும் ஒரே இடத்தில் வந்து பிடிக்கும். பன்னிரண்டாவது தட்டில். நான் ஒவ்வொரு முறையும் காத்திருப்பேன், ஒருமுறைகூடத் தவறியதில்லை. நாட்டுக்கூத்து மத்தளத்தின் அடியைத்தான் அவர் வெள்ளைக்காரரின் மேளத்தில் ஏற்றினார் என்பதை மண்டபத்தில் பேசிய பதினொருவரில் ஒருவராவது சொல்லியிருக்கலாம்.

யூன் மாதம் மாமாவின் முதல் இசைத்தட்டு வந்தது. நீர்வேலியிலிருந்து சைக்கிளில் வாழைக்குலை கட்டிக்கொண்டு சந்தைக்குப் போகிறவனின் பாட்டு. வானொலியில் ஒரே ஒரு தடவை போட்டார்கள், அதன் பிறகு சத்தமில்லை. யூலைக் கடைசியில் மாமா அம்மாவுக்குக் கடிதம் எழுதினார். சனிக்கிழமை நேயர் விருப்பத்தில் ஆகஸ்ட் மாதத்துக்குள் ஆட்கள் கேட்டு எழுதாவிட்டால் கம்பனிக்காரர் இரண்டாவது இசைத்தட்டுப் போட மாட்டார்கள் என்றும், அப்படியானால் ட்றம்ஸை விற்றுவிட்டு, அத்தான், அதாவது என் அப்பா, பார்த்து வைத்த கூட்டுறவுச் சங்கக்கடைக் கணக்கெழுதும் வேலைக்கே வருகிறேன் என்றும் அதில் இருந்தது. அம்மா அழுதா. அப்பா கடிதத்தை வாங்கி, அதில் எழுத்துப்பிழை நான்கு என்று சொல்லி, மாணவர் வரவு குறிக்கும் தன் இடாப்புக்குள் வைத்துக்கொண்டார்.

அந்த இடாப்புத்தான் எனக்கு வழிகாட்டியது. விடுமுறை நாட்களில் வரவுச் சராசரி பார்ப்பதற்காக அப்பா வகுப்பு இடாப்பை வீட்டுக்குக் கொண்டுவருவார். அதில் முப்பத்தாறு பெயர்கள் அகர வரிசையில் இருந்தன. கொம்பாசுப் பெட்டி வாங்கச் சேர்த்து வைத்த காசை எடுத்துக்கொண்டு உபதபாற் கந்தோருக்குப் போனேன். தபாலட்டை ஒன்று பத்துச் சதம். முப்பத்தாறு வாங்கினேன். இரண்டு நாள் மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் இருந்து எழுதினேன். சிலவற்றை வலப்பக்கம் சாய்த்து, சிலவற்றை இடப்பக்கம் சாய்த்து, ஏழு அட்டைகளைப் பென்சிலால், மூன்றை இடக்கையால். ஒருவருக்கும் சந்தேகம் வராது என்று நம்பினேன். பிறகு, எதற்கும் எண் போடாமல் விடுகிற பழக்கம் எனக்கு இல்லாதபடியால், மூலையில் ஒன்றிலிருந்து முப்பத்தாறு வரை எண் போட்டேன்.

அந்தச் சனிக்கிழமை அப்பா மேசையில் இடாப்பை விரித்து வைத்துக்கொண்டு கூட்டல் போட்டுக்கொண்டிருந்தார். நேயர் விருப்பத்துக்கு அவர் றேடியோவை நிறுத்தச் சொல்லுவதுதான் வழக்கம். அன்றைக்குச் சொல்லவில்லை. அறிவிப்பாளர் மாமாவின் பாட்டைச் சொன்னார். உடுப்பிட்டி மிகவும் ஒழுங்கான ஊர் போலிருக்கிறது, நேயர்கள் வரிசை எண் போட்டு எழுதியிருக்கிறார்கள் என்று சிரித்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. பெயர்களை வாசிக்கத் தொடங்கினார்.

நான்காவது பெயரில் அப்பாவின் பென்சில் நின்றது. ஆறாவதில் அவர் நிமிர்ந்து றேடியோவைப் பார்த்தார். ஏழாவதாகக் கிருபாகரன் என்று வாசிக்கப்பட்டதும், அப்பா காலையில் பெயர் கூப்பிடும் அதே குரலில், "குணரத்தினம்" என்றார். வானொலியும் குணரத்தினம் என்றது. அதிலிருந்து அப்பா முந்துவார், அறிவிப்பாளர் பின்னால் வருவார். அம்மா குசினி வாசலில் வந்து நின்றா. இருபத்திரண்டாவது பெயர் தவராசா.

"உவன் ஆனியிலையே பள்ளிக்கூடத்தை விட்டிட்டு வவுனியாவுக்குப் போனவன்," என்றார் அப்பா. "பேரை வெட்டியும் கிடக்கு. நீ கோட்டைப் பாக்கேல்லையோ?"

என்னைத்தான் கேட்டார். நான் பார்க்கவில்லை என்று தலையாட்டினேன். அவ்வளவில் கதை முடிந்துவிட்டது என்று எனக்கு விளங்கியது. முப்பத்தாறாவது பெயர் வேதநாயகம். அப்பா இடாப்பை மூடினார். அப்போது அறிவிப்பாளர், இன்னும் ஒருவர், பெயர் சொல்ல விரும்பாத உடுப்பிட்டி நேயர், என்றார்.

நான் விரலை மடக்கிப் பார்த்தேன். முப்பத்தேழு. நான் போட்டவை முப்பத்தாறு. வானொலியில் இருப்பவர்களுக்கு எண்ணத் தெரியாது என்று எனக்கு எரிச்சல் வந்தது. திருத்தி எழுத அட்டை வாங்கக் காசு இல்லை. அம்மா, அடி விழுவதற்கு முன் றேடியோவை நிறுத்தலாம் என்று நினைத்துக் கையை நீட்டினா.

"நிப்பாட்டாதை. போட்டது போட்டாச்சு, கேப்பம்," என்றார் அப்பா.

பாட்டை முழுவதும் கேட்டோம். மூன்று நிமிடம்.

அப்பா அடிக்கவில்லை. மற்றவன் பெயரில் கையெழுத்து வைப்பது களவு என்று சொல்லி, முப்பத்தாறு வீட்டுக்கும் போய் மன்னிப்புக் கேட்கச் சொன்னார். தவராசாவைக் கழித்தால் முப்பத்தைந்து. ஒன்பது நாள் நடந்தேன். முதல் இரண்டு வீட்டில் மட்டும் ஏசினார்கள். பிறகு செய்தி எனக்கு முன்னால் ஓடிவிட்டது. வானொலியில் தங்கள் பிள்ளையின் பெயர் வந்ததென்று தேத்தண்ணி தந்தார்கள். ஒரு தாய், தங்கச்சியின் பெயரையும் சேர்த்து எழுதினால் என்ன குறைந்துவிடும் என்று கோபித்தா. பதினாலாம் நம்பர் வீட்டில் செல்வராசா படலையில் நின்று, "முதலெழுத்தைப் போடாமல் விட்டிட்டியேடா, ஊரிலை எத்தினை செல்வராசா," என்று கேட்டான். அவன்தான் இப்போது கனடாக்காரன். நான் மன்னிப்புக் கேட்கப் போன இடத்தில்தான் அவன் ரசிகனானான்.

செப்டெம்பரில் இரண்டாவது தட்டுக்கு ஒப்பந்தமாகிவிட்டது என்று மாமாவின் கடிதம் வந்தது. அப்பா சங்கக்கடைக்குப் போய், ஆள் வரமாட்டார், வேறு ஆளைப் பாருங்கோ என்று சொல்லிவிட்டு வந்து, தன் சொல்லுக்கு மதிப்பில்லை என்று இரவுச் சாப்பாடு முடியும்வரை புறுபுறுத்தார். அதன் பின்னும் அவரும் மாமாவும் நேருக்கு நேர் கதைக்கவில்லை. அப்பா சாகும்வரை, இருபத்தாறு வருடம்.

விழா முடிந்ததும் மேடைக்குப் பின்னால் போய், கனடாக்காரனைப் பற்றி மாமாவிடம் முறையிட்டேன். மாமா சிரித்தார். பேத்தியின் கைப்பையிலிருந்து ஒரு பொதியை எடுத்து என் மடியில் வைத்தார். அறிவிப்பாளர் அந்த ஆண்டே அவரிடம் கொடுத்துவிட்டாராம். என்னுடைய தபாலட்டைகள், மூலையில் எண்ணோடு. எண்ணினேன். முப்பத்தேழு.

கடைசி அட்டையில் எண் இல்லை. பெயரும் இல்லை. இடது பக்கத்தில் சிவப்புப் பென்சிலால் ஓரக்கோடு அடித்து, கோட்டுக்கு வெளியே ஓர் எழுத்தும் போகாமல், இந்தப் பாடலை ஒலிபரப்புமாறு தாழ்மையுடன் கேட்டிருந்தது. தபால் முத்திரையிலிருந்த திகதி என்னுடையவற்றுக்கு நான்கு நாள் முந்தியது.

"அத்தான்ரை கை," என்றார் மாமா. "உனக்குத் தெரியாதோ, மருமோன்?"

தெரியாது. எல்லாவற்றையும் எண்ணிய எனக்கு அதை எண்ணத் தெரியவில்லை. மாமா கதிரைக் கைப்பிடியில் இரண்டு விரலால் மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தார். பன்னிரண்டாவதில் வந்து சேர்ந்தது.

கொம்பாசுப் பெட்டி நான் கடைசிவரை வாங்கவில்லை. இந்தப் பாட்டுக்காக எனக்குப் போனது மூன்று ரூபாய் அறுபது சதம். மிச்சப் பத்துச் சதம் அப்பாவுடையது.