கன்னத்துச் சிவப்பு

காலை எட்டு இருபதுக்கு மகளின் ஹெல்மெட் வாரை மாட்ட முடியவில்லை. காலேஜுக்குக் கிளம்பும்போது தினமும் நான்தான் மாட்டிவிடுவேன். பின்னால் உட்காருகிற பெண்ணுக்கு ஹெல்மெட்டா என்று பெங்களூர் காக்ஸ் டவுனில் எங்கள் தெருவே சிரிக்கும். அன்று தாடைக்குக் கீழே வார் பட்டதும் வலிக்கிறது என்றாள். தடவிப் பார்த்தேன். நெறி கட்டியிருந்தது.

நாலு வருஷத்துக்கு முன், அவள் பத்தாம் வகுப்பில் இருந்தபோது, அதே கழுத்தில் வந்த அப்படியொரு கட்டியைத்தான் புற்றுநோய் என்றார்கள். மருந்து ஏற்றி, முடியெல்லாம் கொட்டி, குணமாகி, முடி இப்போதுதான் பழையபடி பின்னல் போடும் அளவுக்கு வளர்ந்திருந்தது.

வண்டியைப் பழைய ஆஸ்பத்திரிக்கே திருப்பினேன். ஸ்கேனில் அக்குளிலும் கட்டிகள் தெரிந்தன. அவளுக்கு முன்பு வைத்தியம் பார்த்த டாக்டர் படத்தை வெகுநேரம் பார்த்தார். திரும்பி வந்திருக்கலாம், ஒரு கட்டியை எடுத்துச் சோதித்தால்தான் சொல்ல முடியும் என்றார். வீட்டில் நானும் மனைவியும் குழம்பு, தண்ணீர், பால் பற்றி மட்டும் பேசிக்கொண்டோம்.

கட்டியை எடுத்த அன்று வார்டுக்கு இன்னொரு டாக்டரம்மா வந்தார். கழுத்தைவிட அதிகமாகக் கன்னத்தைப் பார்த்தார். இந்தச் சிவப்பு எத்தனை நாளாக என்று கேட்டார். எனக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. டிசம்பர் பிறந்ததிலிருந்து சர்ச்சில் எல்லோரும் அந்தச் சிவப்பைச் சொல்லித்தான் சந்தோஷப்பட்டார்கள். ஆப்பிள் மாதிரி இருக்கிறாள், பெங்களூர் குளிர் இப்போதுதான் பிள்ளைக்கு ஒத்துக்கொண்டது என்பாள் என் மைத்துனி. மனைவி அந்தக் கன்னத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் படுக்கப் போவாள்.

காலையில் விரல் மடக்க வலிக்குமா என்று டாக்டரம்மா கேட்டார். மகள் ஆமாம் என்றாள். குளிர் என்று நினைத்து எங்களிடம் சொல்லவில்லையாம். ரத்தம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

முடிவு சொல்லும் நாளில் மனைவிக்குப் பள்ளியில் லீவு கிடைக்கவில்லை. ஆபீஸ் ரூம் போன் பக்கத்திலேயே இருப்பேன் என்றாள். மகளோ உள்ளே தனியாகத்தான் போவேன் என்று பிடிவாதம்.

"நீங்க டாக்டரைப் பார்க்க மாட்டீங்க டாடி, என் மூஞ்சியையே பார்ப்பீங்க. இங்கயே உக்காருங்க."

அவளுடைய ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசல் படியில் உட்கார்ந்தேன். ஒரே ஜெபத்தை முதலிலிருந்து மறுபடி மறுபடி தொடங்கினேன்.

அவள் என் முன்னால் வந்து நின்றாள்.

"கேன்சர் இல்ல. லூபஸாம். நம்ம உடம்பே நம்மள அடிக்கிற வியாதி. கட்டி, கன்னம், விரல், எல்லாம் அதுதானாம். முழுசா போகாதாம், மாத்திரையில அடக்கி வைக்கலாமாம்."

ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அவள் வெயில் படாமல் தன் கையை நெற்றிக்கு மறைப்பாக வைத்துக்கொண்டாள்.

"வெயில் ஆகாதாம் டாடி. மம்மிக்குப் போன் பண்ணிட்டு, வண்டியை நிழலுக்குக் கொண்டு வாங்க."