பேச்சியம்மாள் விழுந்த பஞ்சு

நேற்று எங்கள் மைதானத்துக்குப் புது மெத்தை வந்தது. உயரம் தாண்டுகிறவர்கள் விழுவதற்கென்றே செய்தது. நான் போய் நாலு மூலையிலும் முஷ்டியால் குத்திப் பார்த்தேன். "என்ன சார், தர்பூசணி வாங்கவா வந்திய?" என்றாள் என்னிடம் பயிற்சி எடுக்கும் ஒருத்தி. எல்லாரும் சிரித்தார்கள். புது ரெக்சின் வாசனை மூக்கில் ஏற, எனக்கு நினைவு வந்தது என்னவோ பஞ்சு வாசனை.

ராஜபாளையத்தில் நான் பயிற்சி கொடுக்க ஆரம்பித்த நாளில் மெத்தை ஏது? மில்லுக்குப் பின்னால் ஒரு பொட்டல், கழிவுப் பஞ்சு அடைத்த சாக்குகள், அவ்வளவுதான். அப்போது நான் ஒல்லி. கோபம் மட்டும் இன்றைய எடைதான். பேச்சியம்மாள் அந்த மில்லில் மிக்சிங்கில் இருந்தாள். இறுக்கிக் கட்டிப் பேல் பேலாக வரும் பஞ்சைக் கையால் பிரித்துப் போடும் வேலை. ஷிப்டு முடிந்து தலையெல்லாம் பஞ்சோடு வந்து நிற்பாள். முதுகை வளைத்துக் கம்பைக் கடந்து, மல்லாந்து விழ அவளைப் பழக்கினேன். சாக்கில் விழுந்தால் பயமில்லை. மணலில் விழுந்தால் கழுத்து போய்விடும்.

மாவட்டப் போட்டி ஸ்ரீவில்லிபுத்தூரில். ஜெயித்தால் விளையாட்டு விடுதியில் இடம், படிப்பு. இல்லையென்றால் மறுபடி மிக்சிங். வயசு வரம்புப்படி அவளுக்கு அதுதான் கடைசி வருஷம். அங்கே வெறும் மணல் குழி என்பதால் சாக்குகளை அனுப்பும்படி மில் மேஸ்திரியிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன்.

வண்டி வந்தது. தார்ப்பாயை விலக்கினால், இரும்புப் பட்டை போட்டு இறுக்கிய இரண்டு பேல்.

"ஏலே, சாக்கு எங்கடா?"

"நம்ம புள்ள கழிவுலயா விழணும்னு மேஸ்திரி முதல் தரமா அனுப்பிட்டாவ சார்" என்றான் டிரைவர், பெருமையாக.

குத்திப் பார்த்தேன். கருங்கல்தான். அந்தப் பாசத்தை எப்படித் திட்டுவது? ஆனாலும் திட்டினேன்.

அதற்குள் மைக்கில் கூப்பிட்டுவிட்டார்கள். போய்ச் சாக்கை எடுத்துவர நேரமில்லை. "காலை வீசித் தாண்டி, நின்னபடி எறங்கு" என்றேன்.

"அப்படித் தாண்டுனா எனக்கு எம்புட்டு உயரம் வரும்னு உங்களுக்குத் தெரியாதா சார்? பட்டைய வெட்டச் சொல்லுங்க."

பட்டையை வெட்டி நானும் டிரைவரும் இழுத்தோம். ஆளுக்கொரு கைப்பிடி வந்தது. அவள் விரலை நுழைத்தாள், அடுக்கடுக்காக உரிந்து வந்தது. கம்பு ஏறிக்கொண்டே போக, விதியில் இடமிருந்ததால் ஒவ்வொரு உயரத்தையும் வேண்டாமென்று விட்டுவிட்டுப் பஞ்சைப் பிரித்தாள்.

"கை ஓஞ்சிரும், உக்காரு."

"நீங்க பிரிச்சா நாளைக்குத்தான் சார் தாண்டணும்."

மற்றவர்கள் எல்லாரும் தோற்று நின்ற உயரத்தில் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். மணலில் பஞ்சைக் கொட்டித் தார்ப்பாய் போர்த்தினோம். முதலில் நான் மல்லாந்து விழுந்து பார்த்தேன். கழுத்து இருந்தது. "ம், வா" என்றேன்.

ஓடி வந்தாள், எழும்பினாள். தார்ப்பாய் குழிந்து ஆளையே காணோம். கம்பைப் பார்க்க எனக்குத் தோன்றவேயில்லை. "ஏ பேச்சி" என்று கத்திக்கொண்டு ஓடினேன்.

"கம்பு நிக்குதா சார்?" என்று குழிக்குள்ளிருந்து கேட்டாள்.

நின்றது. அவள் விடுதிக்குப் போனாள்.

இப்போது அந்த மில் இல்லை. பொட்டலில் வீடுகள் வந்துவிட்டன. நேற்றுப் புது மெத்தையிலும் ஒருமுறை மல்லாந்து விழப் போனேன். "அதெல்லாம் கம்பெனியிலயே பாத்துத்தான் அனுப்புதாவ, நீங்க ஒக்காருங்க சார்" என்று நாற்காலி போட்டார்கள். அவர்கள் தாண்டினார்கள். முதலில் விழுந்து பார்க்க நான் தேவைப்படவில்லை.