சேற்றுப்புண்ணுக்கு முழுங்கிய மாத்திரை

கல்யாணமான வருஷத்து மழையில் என் கால் விரலிடுக்குகளில் சேற்றுப்புண் வந்தது. வெறுங்காலோடு தேயிலைக் கொழுந்து பறிக்கிற பெண்கள் எல்லாருக்கும் வருவதுதான். மற்றவர்களுக்கு வெயில் வந்ததும் ஆறியது. எனக்கு நகங்களுக்கும் ஏறியது. பெருவிரல் நகம் மஞ்சளாகத் தடித்து, தொட்டால் மாவாக உதிர்ந்தது. மஞ்சளைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் போட்டேன். தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஊதா மருந்து பூசினார்கள். இரண்டு வருஷம் இப்படியே போனது.

அறுபதுகளின் தொடக்கம் அது. கொழுந்தை அரைத்துத் தூளாக்கும் தேயிலை ஸ்டோரில் வேலை செய்த என் வீட்டுக்காரர்தான் பிடிவாதமாக என்னை பக்கத்து ஊரான நோர்வூட்டில் பஸ் ஏற்றிப் பட்டணத்து டாக்டரிடம் கூட்டிப் போனார். டாக்டர் என் நகத்தைச் சுரண்டிப் பார்த்தார்.

"பூசுற மருந்து நகத்துக்குள்ள போகாது. முழுங்குற மாத்திரை ஒண்ணு புதுசா வந்திருக்கு. நகம் முழுசா வளர்ந்து வர்ற வரைக்கும் விடாம முழுங்கணும். வெறும் வயித்துல வேணாம், எண்ணெய்ப்பசை உள்ள சாப்பாட்டோட."

சில நாள் தலை வலித்தது. ஆனாலும் விடவில்லை. இரண்டாம் மாதம் அரிப்பு நின்றது. நகத்தின் அடியில் மெல்லிய கோடாகப் புது நகம் தெரிந்தது. வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அந்த மாதம்தான் எனக்கு நாள் தள்ளிப்போனது. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் நிற்கும்போதே குமட்டியது. மூன்று வருஷமாக எதிர்பார்த்த விஷயம். தோட்டத்து மருத்துவச்சி நாங்கள் குடியிருந்த லயத்துக்கு வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தார். எழும்பும்போது அடுப்புக்கு மேலே இருந்த மாத்திரை டப்பா அவர் கண்ணில் பட்டது.

"இது யாருக்கு?"

"எனக்குத்தாங்க. காலுக்கு."

"இன்னிக்கும் முழுங்கினியா?"

"காலையில முழுங்கினேங்க."

அவருடைய சிரிப்பு போய்விட்டது. "எனக்கு இந்த மருந்தப் பத்தித் தெரியாது. டாக்டர்கிட்ட கேக்காம இனி ஒண்ணுகூட வாயில போடாத."

மறுநாளே இரண்டு பேரும் போனோம். டாக்டர் என்னைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "பிள்ளைத்தாச்சி இதை முழுங்கி நான் பார்த்ததில்ல. ஒண்ணும் ஆகாதுன்னு சொல்ல எனக்குத் தைரியம் இல்ல. இன்னையோட நிறுத்திடு."

"உள்ள போனதுக்கு என்னங்க செய்யிறது?" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

"பொறக்குற வரைக்கும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கணும்."

பஸ்ஸை விட்டு இறங்கி லயத்துக்கு ஏறும் வழியில் அவர், "நான்தான் ஒன்னையக் கூட்டிட்டுப் போனேன்" என்றார்.

ஸ்டோரில் வாசித்து முடித்த பத்திரிகையை அவர் வீட்டுக்குக் கொண்டுவருவது வழக்கம்; அதன் பிறகு அதை நிறுத்தினார். காரணம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. வெளிநாட்டில் ஏதோ மாத்திரை முழுங்கிய தாய்மாருக்குக் கை இல்லாத பிள்ளைகள் பிறந்ததாகச் செய்தி வந்திருந்ததாம். கொழுந்து மலையில் பக்கத்து நிரையில், அடுத்த செடி வரிசையில், பறித்த பெண் அதை என்னிடம் சும்மா கதையாகச் சொன்னாள். நான் மாத்திரை முழுங்கியது அவளுக்குத் தெரியாது. கூடையை இறக்கி வைத்து, செடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்று சாயங்காலம் வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"அது வேற மாத்திரை," என்றார்.

"ஒங்களுக்கு எப்புடித் தெரியும்?"

அவர் எழும்பி அடுப்புக்கு விறகு வைத்தார்.

மாத்திரை நின்றதும் புண் திரும்பி வந்தது. மலையில் இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கில் கிழிந்த ஒன்றைக் காலில் சுற்றிக்கொண்டு மலைக்குப் போனேன். வலித்தாலும் நான் கவலைப்பட்டது காலைப் பற்றி அல்ல. வயிற்றில் பிள்ளை அசையும் ஒவ்வொரு தடவையும், உதைப்பது கால்தானா என்று கையை வைத்துப் பார்த்தேன்.

ஒரு மத்தியானம் எங்கள் லயத்துக் காம்பரா அறையிலேயே பிள்ளை பிறந்தது. மருத்துவச்சி தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கை இருக்குதாங்க? கால் இருக்குதாங்க?" என்று கேட்டேன்.

"எல்லாம் இருக்கு. பொம்பளப் புள்ள. கொஞ்சம் சும்மா கெட." பிள்ளை அழுத பிறகுதான் கதவைத் திறந்து வீட்டுக்காரரை உள்ளே விட்டார். அவர் வந்து துணியை விலக்கிப் பார்த்துவிட்டு, சுவரோரமாகக் குந்தி முகத்தை மூடிக்கொண்டார்.

பிள்ளை பால் மறந்த பிறகு அதையும் தூக்கிக்கொண்டு அதே டாக்டரிடம் போனேன். அவர் என் காலைப் பார்க்கவில்லை. பிள்ளையை வாங்கி மேசையில் படுக்க வைத்து, விரல் விரலாகப் பார்த்தார். பிறகுதான் மாத்திரை எழுதினார். இந்தத் தடவை கடைசிவரைக்கும் முழுங்கினேன். பத்து நகமும் சுத்தமாக வளர்ந்து வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது.