வேடியப்பனும் டிரபால்கரும்

கல்லாவிப் பக்கம் நிலக்கடலை பிடுங்கக் கூலிக்குப் போய் மகனை வளர்த்தவள் பாப்பம்மா. புருஷன் போய்ச் சேர்ந்த பிறகும் யாரிடமும் ஒன்றும் கேட்டு நின்றதில்லை. அப்படிப்பட்டவள், 1958-ல் மகன் ஆஞ்சப்பன் லீவில் வந்திருந்தபோது எதிர்ப்பட்டவர்களையெல்லாம் நிறுத்திக் கேள்வி கேட்டாள்.

ஆஞ்சப்பனுக்குக் கடற்படையில் எஞ்சின் வேலை. அடுத்து சீமைக்குப் போய், வெள்ளைக்காரர்களின் போர்க்கப்பல் ஒன்றில் வேலை பழக வேண்டும். கப்பலின் பெயர் டிரபால்கர்.

"அது எந்தச் சாமிடா?"

"சாமி இல்லம்மா, சண்டை. அந்தக் காலத்துல டிரபால்கர்கிட்ட கடல்ல நடந்துச்சு. இங்கிலீஷ்காரங்க செயிச்சாங்க. அதான் அந்தப் பேரு."

"ஆளுங்க செத்தாங்களா?"

"சண்டைன்னா சாவாம? ரெண்டு பக்கமும்தான். செயிச்ச தளபதியே செத்துட்டாரு."

பாப்பம்மாவுக்கு வேடியப்பன் ஞாபகம் வந்தது. ஊர் எல்லையில் வேடியப்பன் நடுகல் நிற்கிறது. மாடு ஓட்டிப்போக வந்தவர்களோடு மோதிச் செத்து, சாமியாகிவிட்ட வீரன். அந்தக் கல்லருகே யாரும் செருப்போடு போவதில்லை. சண்டையில் செத்தவர்களுக்கான கப்பலுக்குள் இவன் பூட்ஸ் போட்டு நடப்பான், காலை நீட்டித் தூங்குவான். அவர்கள் சும்மா விடுவார்களா?

வெளியூர் போகிற பிள்ளைக்கு வேடியப்பன் திருநீறு பூசித்தான் அனுப்புவது வழக்கம். அதைப் பூச அவளுக்குக் கை வரவில்லை. பூசாரி ராமப்பனிடம் போனாள்.

"பூசாரிண்ணா, கடல்ல செத்தவங்களுக்குக் கல்லு எங்க நடுவாங்க?"

"கடல்ல எங்கம்மா நடறது? முழுகிப் போயிடும்."

"அப்ப அந்தக் கப்பல்தான் கல்லா?"

ராமப்பன் தலையைச் சொறிந்தான். "காலங்காத்தால ஏன் என்னையும் கொழப்பற? வேடியப்பனும் சண்டையில செத்தவருதான? அவங்ககிட்ட அவரையே பேசச் சொல்லு."

யோசனை நல்லதுதான். தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் வேண்டிக்கொண்டவர்களுக்கெல்லாம் வேடியப்பன் காது கொடுத்திருக்கிறார். இங்கிலீஷுக்கு எங்கே போவார்?

புறப்படும் நாளில் சேவலோடு மகனையும் கல்லுக்கு இழுத்துப் போனாள்.

"நீயே இங்கிலீஷ்ல சொல்லிக்குடு. அவரு அப்படியே அங்க சொல்லட்டும்."

"ஐயோ அம்மா! சாமல்பட்டியில ரயிலு போயிடும்."

"போவட்டும். சொல்லாம துன்னூறு கெடையாது."

ஆஞ்சப்பன் சுற்றும்முற்றும் பார்த்தான். பூட்ஸைக் கழற்றிவிட்டு, விறைப்பாக நின்று சல்யூட் அடித்து, இங்கிலீஷில் ஒரே ஒரு வரி சொன்னான்.

"என்னடா சொன்ன?"

"கப்பல்ல ஏறும்போது கேக்கறதும்மா. உள்ள வரலாங்களா ஐயான்னு."

"வரச் சொன்னாரா?"

ஆஞ்சப்பன் கல்லைப் பார்த்தான். கப்பல் என்றால் அதிகாரி பதில் சொல்வார். "சொன்ன மாதிரிதான் இருக்குது."

"மாதிரின்னா?"

பாப்பம்மா அவன் முகத்தைப் பார்த்தாள், கல்லின் முகத்தைப் பார்த்தாள். இரண்டிலும் ஒன்றும் பிடிபடவில்லை. திருநீற்றை அள்ளி அவன் நெற்றியில் பூசினாள். பிறகு குனிந்து, அவன் கூசி விலக விலக, இரண்டு உள்ளங்காலிலும் பூசிவிட்டாள்.

"இப்ப பூட்ஸ மாட்டு" என்றாள்.