நான்காவது வீட்டில் வைத்த விதை

இங்கு நான் எழுதப்போவன மூன்று வகையின: என் கண்ணால் கண்டவை, என் காதால் கேட்டவை, எழுத்தாக இன்றும் என்னிடம் இருப்பவை. இவற்றுள் அடங்காத எதையும் சேர்க்கமாட்டேன். முறையிடுபவரின் பேச்சில் ஒரு சொல் மிகையாக இருந்தாலும், எதிர்த்தரப்பு அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு மற்ற அனைத்தையும் தள்ளிவிடும். நெய்வேலியில் வாழ்ந்த ஆண்டுகளில் இதைப் பலமுறை பார்த்துவிட்டேன். இன்னொரு காரணமும் உண்டு. எழுத வேண்டிய ஒன்றை ஒருமுறை நான் எழுதாமல் விட்டேன். அந்தக் குறையைச் சொல்லும் இடத்தில், நடக்காத எதையும் எழுதி ஈடுகட்ட எனக்கு உரிமை இல்லை.

தொண்ணூறுகளில் நகரியத்துப் பள்ளி ஒன்றில் தமிழாசிரியையாக இருந்தேன். கணவருக்குச் சுரங்கத்தில் ஷிப்டு வேலை. எங்கள் குவார்ட்டர்ஸ் இருந்த, வட்டம் என்று நாங்கள் அழைத்த குடியிருப்புப் பகுதியின் முனையில், இரண்டாம் ஷிப்டுக்குச் சங்கு ஊதும் நேரத்தில், கம்மாபுரம் பக்கத்திலிருந்து ஓர் அம்மாள் பேருந்தில் வந்து இறங்குவார். ஐம்பது வயது இருக்கும். கூடையில் அவித்த வேர்க்கடலை; அவர் அதை மல்லாட்டை என்பார். பல மாவட்டங்களிலிருந்து வந்து குடியேறிய எங்களுள் ஒருவர் கடலை என்போம், ஒருவர் மணிலாக்கொட்டை என்போம். அவருக்கு அதெல்லாம் ஒன்றுதான்.

"எப்டி வேணா கூப்புடுங்க டீச்சரம்மா, துன்னா ஒரே ருசிதான்" என்பார்.

நான் அவரை அக்கா என்று அழைப்பேன். அவர் விற்றது அவருடைய சொந்தக் கொல்லையில் விளைந்தது. அரைக் காணி மானாவாரி நிலம். அந்தக் காயில் ஒரு தனித்தன்மை இருந்தது. கொத்தாக வளரும் இரகங்களை அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால், பிடுங்குவதற்கு முன்பே பருப்பு மண்ணுக்குள் முளைத்துவிடும். கொடியாகப் படரும் இரகங்கள் முளைக்கா. ஆனால் விளைய நாள் மிகுதியாகப் பிடிக்கும். அக்காவுடையது கொத்தாக வளர்ந்து, விரைவில் விளைந்து, மழையிலும் முளைவிடாமல் கிடந்தது.

"மழ பேஞ்சா மத்தவங்க கொல்ல மொளைச்சிக்கினு நிக்கும். என் காயி செவனேன்னு தூங்கிக்கினு கெடக்கும்" என்று ஒருநாள் சொன்னார்.

"அப்படியானால் விதையைப் பத்திரமாக வைத்திருப்பீர்களே?"

"நான் எங்க வச்சிருக்கறன்? மூணு வூட்ல இருக்குது."

அது அவர்கள் ஊர் வழக்கம். விதைக்காய் முழுவதையும் ஒருவர் தம் வீட்டிலேயே வைத்துக்கொள்ளமாட்டார். தமக்கு ஒரு பங்கு. மற்ற இரு பங்கு வேறு இரு வீடுகளில். அந்த வீட்டார் அதை விதைத்துக்கொள்ளலாம். ஆனால் கொடுத்தவர் வந்து கேட்கும் நாளில், ஏன் என்று கேளாமல் அளந்து கொடுத்துவிட வேண்டும். ஒரு வீடு தீப்பற்றினாலும், ஒரு கொல்லை பொய்த்தாலும், விதை அழியாது. வேர்க்கடலை விதைக்கு ஓராண்டைத் தாண்டி முளைப்புத் திறன் இருக்காது என்பதால், ஒவ்வோர் ஆண்டும் எங்காவது ஓரிடத்தில் அது மண்ணுக்குள் போயே ஆகவேண்டும். மூன்று வீடுகள் என்பதன் பொருள் அதுதான். கேட்டபோது மறுத்தவர் எவரையும் தாம் கண்டதில்லை என்று அக்கா சொன்னார்.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில், பக்கத்துக் குவார்ட்டர்ஸுக்கு உறவினர் ஒருவர் வந்து தங்கினார். விதை விற்கும் நிறுவனம் ஒன்றில் பணிபுரிவதாகச் சொன்னார். மாலையில் அக்காவின் கடலையைத் தின்றவர், முளைக்காத தன்மையைக் கேள்விப்பட்டதும் எழுந்து நின்றுவிட்டார்; விதைக்காய் கொஞ்சம் கிடைக்குமா என்று அக்காவைக் கேட்டார். மறுவாரம் அக்கா ஒரு மரக்கால் விதைக்காயைத் துணிப்பையில் கட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். அந்த உறவினரும் வந்தார்.

"இதுக்கு எவ்வளவும்மா வேணும்?" என்றார்.

"வெதைக்குக் காசு வாங்க மாட்டங்க. வாங்குனா அடுத்த வெள்ளாம பருப்பில்லாம பொக்காப் பூடும்."

"சும்மாவா குடுக்கறீங்க?"

"சும்மா எங்க குடுக்கறன்? மூணு வூட்ல வச்சிருக்கன். உங்க வூட்ட நாலாவது வூடா வச்சிக்கறன். என்னாண்ட இல்லாம பூட்டா வந்து கேப்பன். குடுக்கணும்."

"அதுக்கென்ன, தாராளமா வாங்க."

"அப்பறம் மறந்துட்டன்னு சொல்லக் கூடாது. டீச்சரம்மா சாட்சி."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அந்தக் காயின் இயல்புகளை ஒழுங்காக எழுதித் தருமாறு அவர் என்னைக் கேட்டுக்கொண்டார். அக்கா சொல்லச் சொல்ல எழுதினேன்: எந்தப் பட்டத்தில் விதைப்பது, எத்தனை நாளில் பூப்பது, செம்மண்ணில் எவ்வளவு ஆழத்தில் ஊன்றுவது, காயின் நுனி எப்படி வளைந்திருக்கும், பருப்பின் தோல் எந்த நிறம். பிறகு இரவல் மொழி கலவாமல், ஒரு சொல்லும் மிகாமல், இரண்டு பக்கங்களாகச் செப்பனிட்டேன். அக்காவின் நிபந்தனை முதல் வரைவில் இருந்தது. பயிரின் இயல்பை விவரிக்கும் உரைநடையில் கொடுக்கல் வாங்கல் பேச்சு பொருந்தவில்லை என்று கருதி, அந்த ஒரு வரியை நான் அடித்தேன். அடித்த வரைவு என்னிடம் இருக்கிறது. செப்பமான படியின் அடியில் அக்கா கைந்நாட்டு வைத்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. அந்த வரி உள்ளே இருப்பதாகவே அவர் நம்பியிருப்பார்; அடித்துவிட்டதை நான் சொல்லவில்லை.

அதன்பின் சில ஆண்டுகளில் சுரங்கத்துக்காக அவர்கள் ஊர் எடுக்கப்பட்டது. என் வீட்டு விளக்கு எரிவதற்கான நிலக்கரி அந்தக் கொல்லைக்கு அடியில் இருந்தது என்பதை நான் மறைக்க முடியாது. இழப்பீட்டுப் படிவங்களை நிரப்ப அக்கா என்னிடம் வந்தார். நிலத்துக்கு இடம் இருந்தது. கிணற்றுக்கு, வீட்டுக்கு, மரங்களுக்கு இடம் இருந்தது. பலாவுக்கும் முந்திரிக்கும் தனித்தனியே எண்ணிக்கை கேட்டிருந்தார்கள். விதை என்று எழுத ஒரு கட்டமும் இல்லை. எந்த மண்ணும் ஒரே நாளில் உண்டாக்கித் தரமுடியாத ஒன்றை எடுக்கிறோம் என்ற நினைவே அந்தத் தாளை அச்சிட்டவர்களுக்கு இருந்திருக்காது.

மூன்று வீட்டு வழக்கம் தீயை நினைத்தது, வறட்சியை நினைத்தது, ஒருவர் சாவையும் நினைத்தது. மூன்று வீடுகளும் ஒரே பருவத்தில் பெயர்ந்துபோகும் என்று நினைக்கவில்லை. அக்காவின் பங்கு, சாமான் ஏற்றிய வண்டியில் மழையில் நனைந்து பூசணம் பிடித்தது. இரண்டாம் வீட்டார் புதிய மனையில் விதைக்க இடமின்றி அவித்துத் தின்றுவிட்டனர்.

"கேட்டதுக்குத் தலயக் குனிஞ்சிக்கினா. அவள நான் என்னா சொல்றது? கொல்ல இல்லாதவளுக்கு வெதை எதுக்கு?" என்றார் அக்கா.

மூன்றாம் வீட்டார் பிழைப்புக்காகத் திருப்பூருக்குப் போய்விட்டனர். அவர்கள் விட்டுப்போன மூட்டையை எவரும் கண்டதாகச் சொல்லவில்லை.

அக்காவின் தங்கை திருவதிகைக்கு அருகில் வாழ்க்கைப்பட்டிருந்தார். அங்கே ஒரு துண்டு நிலத்தில் அவ்வாண்டு விதைத்துக்கொள்ளச் சொன்னார்கள். பட்டம் நெருங்கியது. அக்கா கலங்காமல்தான் என்னிடம் வந்தார்.

"அதான் நாலாவது வூடு இருக்குதே. ஒரு கடுதாசி போடுங்க."

அவருடைய நிறுவன முகவரிக்குப் போட்டேன். ஒரு மாதம் கழித்து ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த பதில் வந்தது. அவ்வாறான பொருள் எதையும் பெற்றதாகத் தங்கள் பதிவுகளில் இல்லை என்றும், தங்கள் நிறுவனத்தின் வேர்க்கடலை இரகம் விருத்தாசலத்தில் உள்ள விற்பனையாளரிடம் கிடைக்கும் என்றும் நான்கு வரிகள். நான் தமிழில் படித்துச் சொன்னேன். அக்கா முழுவதையும் கேட்டுவிட்டு, "விருத்தாசலத்துல வச்சிருக்காரா, சரி, போலாம்" என்றார். அந்தக் கடிதம் ஒரு மறுப்பு என்பதே அவருக்குப் புலப்படவில்லை. அப்படி ஒரு மறுப்பை அவர் ஊர் அறியாது.

இருவரும் போனோம். கடைக்காரர் இளைஞர், மரியாதையானவர். பையைக் காட்டினார். உரித்த பருப்பு, பூச்சிக்கொல்லி கலந்த சிவப்புப் பொடி பூசியது. பையில் தொங்கிய அட்டையோடு ஒரு துண்டறிக்கையும் இருந்தது. அதைப் படிக்கத் தொடங்கிய நான் இரண்டாம் வரியில் நின்றேன். "அறுவடைக் காலத்து மழையிலும் மண்ணுக்குள் முளைவிடாது உறங்கும் இயல்பினது" என்று இருந்தது. அடுத்து, "காயின் நுனி கிளியலகென வளைந்திருக்கும்" என்று இருந்தது. இரண்டும் என் வாக்கியங்கள்; ஓர் எழுத்தும் மாறவில்லை. என் வரைவை அருகில் வைத்துப் பின்னர் ஒப்பிட்டும் பார்த்தேன். அறிக்கையின் கடைசி வரி மட்டும் என்னுடையதன்று. இதன் விளைச்சலை மீண்டும் விதையாகப் பயன்படுத்தவோ பிறருக்குத் தரவோ கூடாது என்று அது சொன்னது.

அக்கா கடைக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"தம்பி, இது நான் உங்க மொதலாளியாண்ட வச்சது. எனக்கு மூட்டையெல்லாம் வேணாம். ஒரு மரக்கா குடுத்தா போதும். பெருக்கிக்கினு உங்களுக்கும் தரன்."

"யாருகிட்ட வச்சீங்கம்மா?"

"அவரு வூட்ல."

"எம்மா, இது வூடு இல்ல. கடை."

"கடைல இருந்தா என்னா, வச்சது வச்சதுதானே?"

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் துண்டறிக்கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இந்தச் சொற்கள் என்னுடையவை என்று சொன்னேன். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் எழுதியிருக்கீங்க டீச்சர்" என்றார். ஏளனமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே பாராட்டினார். என் வாழ்நாளில் என் உரைநடைக்குக் கிடைத்த பாராட்டுகளுள் இதைப் போல் என்னைச் சுட்டது வேறில்லை.

அக்கா ஒரு பருப்பை எடுத்துச் சேலைத் தலைப்பால் தேய்த்தார். சிவப்பு போகவில்லை. தோலின் நிறம் தெரியவில்லை. காயாக இல்லாததால் நுனி வளைவும் தெரியவில்லை. நெடுநேரம் பார்த்தார்.

"உங்களுடையதுதானா?" என்றேன்.

"தெரியல டீச்சரம்மா. சாயம் பூசிட்டாங்களே. எங்கம்மா மூஞ்சிக்கு இப்டி அப்பி வச்சா எனக்கு அடையாளம் தெரியுமா?"

பருப்பைத் திருப்பி வைத்துவிட்டார். நான் விலைக்கு வாங்கித் தருவதாகச் சொன்னேன். அவர் நடந்துகொண்டே, "வேணாம். வச்சத வெல குடுத்து எடுத்தா, அப்பறம் யாரும் யாரு வூட்லயும் வைக்க மாட்டாங்க" என்றார். தங்கை நிலத்தில் அவ்வாண்டு உளுந்து விதைத்தார்.

நிறுவனத்துக்கு மேலும் மூன்று கடிதங்கள் எழுதினேன், பதில் இல்லை. இரண்டாயிரத்தொன்றில் நாடாளுமன்றம் இயற்றிய ஒரு சட்டம் பின்னர் என் கைக்கு வந்தது. உழவர் தம் விளைச்சலைச் சேமிக்கவும், விதைக்கவும், மறுபடி விதைக்கவும், மாற்றிக்கொள்ளவும், பகிரவும், வணிகப் பெயரிட்டு விற்பதாக இல்லாதவரை விற்கவும் உரிமையுடையவர் என்கிறது அதன் ஒரு பிரிவு. துண்டறிக்கையின் கடைசி வரியைவிட இந்தப் பிரிவு வலியது என்று மகிழ்ந்து, அதைத் தமிழாக்கி எடுத்துக்கொண்டு வட்டத்து முனைக்குப் போனேன். அக்கா அப்போதும் அங்கேதான் விற்றுக்கொண்டிருந்தார். பண்ருட்டிச் சந்தையில் வாங்கிய காயை அவித்து. நின்றபடியே படித்துக் காட்டினேன்.

"நல்லாதான் இருக்குது" என்றார். பிறகு கேட்டார்: "வெதை எங்க இருக்குதுன்னு அதுல போட்டிருக்குதா?"

இல்லை என்றேன்.

"அப்ப ஒரு படி அளக்கட்டுமா?" என்றார்.

சேமிக்கும் உரிமையை, சேமிக்க ஒன்றும் இல்லாதவரிடமும், விதைக்கும் உரிமையை, நிலம் போனவரிடமும் நான் ஏந்திச் சென்றேன். முன்னதாக எழுதியிருக்க வேண்டிய ஒற்றை வரியை அடித்த அதே கையால் ஏந்திச் சென்றேன். அந்த வரி இருந்திருந்தால் நிறுவனம் பணிந்திருக்குமா என்று பலர் கேட்பர். பணிந்திருக்காமலும் போகலாம். ஆனால், எதையும் பெறவில்லை என்று நான்கு வரியில் எழுத அவர்களுக்கு ஒரு முறையாவது தயக்கம் வந்திருக்கும்.

எனக்குத் தெரியாதவை இவை. அந்தப் பையில் இருந்தது அக்காவின் இரகந்தானா என்று தெரியாது. என் வீட்டிலிருந்து சென்ற ஒரு மரக்கால் விதைக்காய் எங்கே விதைக்கப்பட்டது, விதைக்கப்பட்டதா என்பதே தெரியாது. திருப்பூருக்குப் போனவர்கள் விட்ட மூட்டை என்னவாயிற்று என்று தெரியாது. மழையில் முளைக்காத அந்தக் காய் இன்று எவர் கொல்லையிலாவது இருக்கிறதா என்பது தெரியாது.