ஆங்கில எழுத்தில் வாளை மீன்

தொண்ணூறுகளின் கடைசியில், மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரத்தில் இருந்த அலுவலகக் குடியிருப்பில் நாங்கள் இருந்தோம். எதிர் வீட்டுக்கு வங்காளத்திலிருந்து ஒரு குடும்பம் மாற்றலாகி வந்தது. அந்த வீட்டுப் பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். அவருக்குத் தமிழில் ஒரு சொல்கூடத் தெரியாது. எனக்கு வங்காளி தெரியாது. அரைகுறை ஆங்கிலத்தில் பேசிக்கொள்வோம்.

ஒருநாள் என் வீட்டில் வறுத்த வாளை மீனைச் சாப்பிட்டுவிட்டு, தானும் அதை வாங்க வேண்டும் என்றார். ஒரு நோட்டைக் கொண்டுவந்து நீட்டினார். கடைத்தெருவில் தேவைப்படும் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். பால், தயிர், கொத்தமல்லி, கொஞ்சம் குறைச்சுக்குங்க. வாளைக்கு வி, ஏ, எல், ஏ, ஐ. எழுதியவள் நானாயிற்றே, எனக்கு அது வாளை என்றுதான் பட்டது.

மறுநாள் காலை, குப்பத்திலிருந்து மீன் கொண்டுவரும் அக்கா எங்கள் கதவைத் தட்டினார்.

"இன்னாம்மா இது? எதிர் வூட்டம்மா வலை வேணும், வலை வேணும்னு நின்னுகினு கீது. வலையக் குட்த்துட்டு எங்க வூட்டுக்காரு இன்னாத்த வச்சி மீன் புடிக்கும்?"

எதிர் வாசலில் அவர் நோட்டைத் திறந்து, அந்த வரியில் விரலை வைத்தபடி நின்றார். போய்ப் பார்த்தேன். நான் எழுதியிருந்ததை வலை என்று படித்ததில் தப்பே இல்லை. கூடையிலிருந்து ஒரு வாளையைத் தூக்கிக் காட்டினேன். அக்கா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். அன்றைக்குக் கொசுறாக ஒரு மீன் கூடுதலாகவே போட்டார்.

அடுத்த மாதம் எதிர் வீட்டுப் பெண்ணின் மாமியார் ஊரிலிருந்து வருவதாக இருந்தது. வருகிறவரை உட்காரச் சொல்லவாவது எனக்குத் தெரிய வேண்டாமா? கேட்டேன். அவரும் ஆங்கில எழுத்தில் எழுதித் தந்தார்: பி, ஏ, எஸ், யு, என்.

மாமியார் வந்த இரண்டாம் நாளே என்னைப் பார்க்க வந்தார். கைகூப்பி, "பாசுன்" என்றேன். அவர் உட்காரவில்லை. என் சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு விறுவிறுவென்று திரும்பிப் போனார். என்ன தப்பாகச் சொன்னேனோ என்று, எழுதித் தந்ததை மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஐந்து நிமிடத்தில் மூடி போட்ட பெரிய பாத்திரம் ஒன்றோடு வந்து என் கையில் கொடுத்தார்.

பின்னாலேயே மருமகள் வந்தார். சிரித்து முடித்துவிட்டுத்தான் விளக்கினார். அந்த ஏ-யை அவர்கள் ஓ மாதிரி சொல்வார்களாம். 'போஷுன்' என்றால்தான் உட்காருங்கள். நான் சொன்னது பாத்திரம் என்கிற சொல் மாதிரி கேட்டிருக்கிறது. பாவம், இந்தப் பெண்ணுக்குச் சமைக்கப் பாத்திரம் போதவில்லை போல என்று மாமியார் நினைத்துவிட்டார்.

அந்தப் பாத்திரத்திலேயே பாயசம் வைத்தேன். மூவரும் சாப்பிட்டுக்கொண்டே நோட்டைத் திருத்தினோம். நெடிலுக்கு மேலே ஒரு கோடு, ளகரத்துக்குப் பெரிய எல். வாழைப்பழம்தான் படியவில்லை. இசட், எச் போட்டதும் மருமகள் "வாஜைப்பஜம்" என்றார். மாமியார் கையால் காதைப் பொத்திக்கொண்டார்.

கடைசியில் ஆங்கில எழுத்துகளுக்கு நடுவே ழ-வை அப்படியே போட்டுவிட்டேன். மருமகள் அதைப் பத்துத் தடவை எழுதிப் பார்த்தார். அவர் தமிழில் எழுதப் பழகிய முதல் எழுத்து அதுதான்.